வழி விட்ட ஆமைகள்

அடிக்காது, அதுதான் இவர்கள் யாருக்கும் புரியவில்லை, அது நம்மை அடிக்கவே அடிக்காது... நூருல் அமீன் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி தனக்குள் சொல்லிக்கொண்டான். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ். குடிகாட்டில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தவர் கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வருகிறவர், பெயர் சகாயநாதன் என்று கேட்காமலே சொல்லியிருந்தார். இரண்டு கால் ரோபோ ஒன்று படியேறிக் குட்டிக்கரணம் போட்டு, தன்னைத் தள்ளிவிட்ட ஆளைத் திரும்பிப் பார்க்கும் வீடியோவைப் போனில் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, "பாத்தீங்களா பாய், ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் இது நம்மள அடிச்சித் தொரத்தப் போவுது," என்றார். பிறகு அவரே ஜன்னல் பக்கம் மூக்கைச் சுளித்து, "எங்க கம்பெனிக்கு வந்தா அதுவே மூக்க மூடிக்கினு ஓடிடும்," என்று சிரித்தார். நூருல் அமீனும் சிரித்தான், சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. அடிக்க வருகிறதென்றால் ஓடலாம், கல்லெடுக்கலாம், நாலு பேரைக் கூப்பிடலாம். ஒதுங்கி வழி விடுகிறதை என்ன செய்வது? அதற்கு எதிராக எந்தக் கல்லை எடுப்பது?

இதை அத்னானிடம் எப்படிச் சொல்வது என்றுதான் மூன்று நாளாக யோசிக்கிறான். அத்னான் இவன் மனைவி ஆரிபாவின் தம்பி, சிதம்பரம் மேலவீதியில் செல்போன் ரிப்பேர் கடையில் இருக்கிறான், யாராவது ஜோக் சொன்னால் முடிவதற்குள்ளேயே சிரித்துவிடுகிற பையன். நூருல் அமீன் துபாயில் வேலை பார்த்த அதே குடோனுக்கு அவனை எடுக்கிறார்கள். பாஸ்போர்ட்டை ஏஜென்டிடம் கொடுத்தால் முடிந்தது, கொடுப்பதற்கு முன்னால் மச்சான் வாயால் ஒரு வார்த்தை வேண்டும் என்று மாமியார் சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் இந்தப் பயணம். போகாதே. அவ்வளவுதானே, போகாதே என்று சொல்லிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாம். ஆனால் ஏன் என்று கேட்பானே... சம்பளம் ஒழுங்காக வரவில்லையா? வந்தது. கேம்ப்பில் சாப்பாடு சரியில்லையா? நன்றாகவே இருந்தது. யாராவது கை நீட்டினார்களா? இல்லை, யாரும் குரல்கூட உயர்த்தவில்லை. பின்னே என்ன மச்சான்? பின்னே என்ன... எனக்கு மெஷின் வழி விட்டது, அதனால் நீ போகாதே என்றால் சிரிப்பான், இந்த முறையும் முடிவதற்குள்ளேயே சிரிப்பான்.

பஸ் ஆலப்பாக்கம் தாண்டியது. காற்றில் உப்பு வாசம் வந்தது, கெமிக்கல் வாடை பின்னால் போய்விட்டது. அந்தக் குடோனில் எந்த வாசமும் இருக்காது, அதுவே முதல் நாள் அவனுக்கு ஒரு மாதிரி இருந்தது. தரையோடு தரையாகத் தட்டையான வண்டிகள், முதுகில் ஆளுயர அலமாரியைத் தூக்கிக்கொண்டு தாமாகப் போகும், வரும், ஒன்றுக்கொன்று இடிக்காது. மலையாளிப் பையன்கள் அவற்றுக்கு ஆமை என்று பெயர் வைத்திருந்தார்கள். மனிதர்களுக்கு உள்ளே வேலை கிடையாது, கம்பி வலைக்கு வெளியேதான். அலமாரியிலிருந்து ஏதாவது கீழே விழுந்தால் மட்டும் மஞ்சள் ஜாக்கெட் போட்டுக்கொண்டு ஒருவன் உள்ளே போகலாம், அந்த ஜாக்கெட்டைக் கண்டால் சுற்றியிருக்கும் ஆமைகள் அப்படியே நின்றுவிடும், அவன் பொருளை எடுத்துக்கொண்டு வெளியே வந்ததும் மறுபடி நகரும். அந்த ஒருவன் நூருல் அமீன், ஷிப்ட் முழுக்க அந்த ஜாக்கெட் அவன் உடம்பில்தான் இருக்கும். முதலில் பெருமையாகக்கூட இருந்தது, நடந்தால் ஆமைக் கூட்டமே உறைந்து நிற்கிறதே... கடலூர் முதுநகரில் சைக்கிளை நிறுத்த இடம் கேட்டால் முறைத்தவர்கள் இதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

தொழுகை அறை கட்டடத்தின் மறுகோடியில் இருந்தது, போய்வருவதற்குள் இடைவேளை முடிந்துவிடும். அதனால் பிற்பகல் அஸர் தொழுகையை உள்ளேயே ஒரு பாதையில் முடித்துக்கொள்வான், மக்கா இருக்கும் கிப்லா பக்கம் பார்த்த ஒரே பாதை அதுதான். ஒரு அட்டையை விரித்து, ஜாக்கெட்டோடு நின்று, அவசரம் அவசரமாக. சுற்றிலும் ஆமைகள் நின்றிருக்கும், தன்னால் வேலை தடைப்படுகிறதே என்று ஸுஜூதில் நெற்றி தரையில் இருக்கும்போதே மனசு குறுகும். கொஞ்ச நாள் போனது. ஒரு நாள் அட்டையோடு போகிறான், அந்தப் பாதையில் ஒரு ஆமைகூட இல்லை. மறுநாளும் இல்லை. அஸர் நேரம் பருவத்துக்குப் பருவம் முன்னும் பின்னும் தள்ளிப்போகும், ஆமைகளும் கூடவே தள்ளி ஒதுங்கின. அவன் வருவதற்குச் சற்று முன்பாகவே, கல்யாண வீட்டில் பெரியவர் வருகிறார் என்று நாற்காலிகளை ஒதுக்குவதுபோல... ஒரு ராத்திரி ஆரிபாவிடம் போனில் இதைச் சொன்னபோது அவள் அழுதுவிட்டாள். அல்லாஹ்வுடைய வேலையைப் பாருங்க என்றாள். அவள் அம்மாவிடம் சொல்ல, அம்மா தெருவில் சொல்ல, லீவில் ஊர் வந்திருந்தபோது பெருநாள் அன்று பள்ளிவாசலில் ஒருவர் அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மெஷினுக்கே அடக்கம் வந்துவிட்டது, மனுசனுக்கு வரவில்லையே என்று சொல்லிக் கண்கலங்கினார். அவனும் மறுக்கவில்லை. மறுக்க என்ன இருந்தது, அவனே அப்படித்தானே நம்பியிருந்தான். அத்னானுக்கு அந்த வேலைமேல் ஆசை வந்ததே அந்தக் கதையால்தான், மாமியார் சம்மதித்ததும் அந்தக் கதையால்தான், தொழுகைக்கு வழி விடுகிற இடத்தில் பிள்ளை கெட்டுப்போக மாட்டான் என்று...

"உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்கிறவங்களுக்கு வழி விடுங்க," என்று கண்டக்டர் கத்தினார். யாரும் நகரவில்லை. "தூண் மாரி நிக்கிறியே மாமா, உன்னையெல்லாம் பாத்துத்தான் சிதம்பரம் கோயில்ல தூண் செதுக்குனாங்களா?" நின்றவர் அசராமல், "டிக்கெட்டுக்குக் காசு வாங்குன இல்ல, நின்னா என்ன, படுத்தா என்ன," என்றார். பஸ்ஸே சிரித்தது. சண்டை போட்டு, தோளால் இடித்து, ஒருத்தர் காலை ஒருத்தர் மிதித்து, அப்புறம்தான் இந்த ஊரில் வழி கிடைக்கும். நூருல் அமீனுக்கு அந்த நெரிசல் இதமாக இருந்தது.

ஸ்ரீதர் என்று ஒரு இன்ஜினியர், விழுப்புரத்துக்காரன், நல்ல பிள்ளை. அவனிடம்தான் ஒரு நாள் கேட்டான், தம்பி, தொழுகை நேரத்தை யார் இதுக்குள்ள போட்டுக் குடுத்தது, அவருக்காக துஆ செய்யணும் என்று. ஸ்ரீதர் விழித்தான். கணினியில் எதையோ தேடிப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னான்: "நாங்க எதுவும் போடலண்ணே. அதுக்குத் தொழுகைன்னா என்னன்னே தெரியாது. அதுவா உங்களப் பாத்துக் கத்துக்கிச்சு. நீங்க உள்ள வந்தா வண்டிங்க நிக்கிது, வேல கெடுது. அதான் நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஒதுங்கிக்கிது." தண்ணீர் குடிக்கப் போவது, கைகால் கழுவி ஒளு செய்யக் குழாய்ப் பக்கம் திரும்புவது, நடை கொஞ்சம் வேகமாவது, எல்லாம் ஜாக்கெட் வழியாக அதற்குத் தெரிகிறதாம். நூருல் அமீன் தலையாட்டினான். சரி, மரியாதை இல்லை, கணக்கு, அதனால் என்ன, மழையும் தொழுகை தெரிந்தா பெய்கிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டான். அந்த நாள் வரும்வரை தேற்றிக்கொள்ள முடிந்தது.

அந்த நாள்... பஸ் புதுச்சத்திரம் ரயில்வே கேட்டில் நின்றது, சகாயநாதன் தலை தொங்கத் தூங்கிவிட்டார், போனில் ரோபோ இன்னும் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருந்தது. அன்று மதியம் அத்தா மவ்த்தான செய்தி வந்தது. அடக்கம் இன்றைக்கே, அஸருக்குப் பிறகு, நீங்க வந்து சேர முடியாதுங்க என்று ஆரிபா சொன்னாள். சூப்பர்வைசர் போய் ரூமில் படு என்றார், படுத்து என்ன செய்வது, வேலையிலேயே இருந்தான். அஸர் நேரம் வந்தது. ஊரில் இப்போது அத்தாவைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே அட்டையை எடுத்துக்கொண்டு போனான். பாதை காலியாக இல்லை. ஆமைகள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன, அலமாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக, அவன் என்று ஒருவன் இல்லவே இல்லை என்பதுபோல. ஜாக்கெட்டோடு ஒரு அடி எடுத்து வைத்திருந்தால் நின்றிருக்கும், அது நிச்சயம், எத்தனையோ முறை நின்றிருக்கிறது. அவன் வைக்கவில்லை. வலைக்கு வெளியே நின்று பார்த்தான். அப்போதுதான் உள்ளே தெரிந்தது, இன்று தொழ மனசில்லை, அத்தாவை மண்ணில் வைக்கும்போது பக்கத்தில் நிற்க விடாதவனிடம் இன்று பேச எதுவுமில்லை என்று. திரும்பி நடந்தான். பாதி தூரம் போன பிறகு சட்டென்று நின்றான். இது எனக்கே இப்போதுதானே தெரிந்தது... ஆமைகளுக்கு இது முன்பே தெரிந்திருக்கிறதே?

நிய்யத் என்கிற எண்ணம் நெஞ்சுக்குள் இருப்பது, படைத்தவனுக்கு மட்டும் தெரிவது என்றுதான் மதரஸாவில் சொல்லிக்கொடுத்தார்கள். அது குழாய்ப் பக்கம் திரும்பும் பாதத்தில் இருக்கிறது என்றால், ஜாக்கெட் ஒன்று அதை வாசித்துவிடும் என்றால்... சரி, இன்னொரு விதமாகவும் யோசித்துப் பார்த்தான், அது இன்னும் மோசமாக இருந்தது. ஒருவேளை அதற்கு ஒன்றுமே தெரியாமல் இருந்து, ஏதோ ஆர்டர் குவிந்து ஆமைகள் ஓடிக்கொண்டிருக்க, வழி இல்லாததைப் பார்த்ததால்தான் எனக்கு மனசில்லாமல் போனதா? எது முதலில்? அன்றிலிருந்து இதற்குப் பதில் கிடைக்கவில்லை. பிறகு விழுந்த பொருளை எடுக்கவே ஒரு இயந்திரக் கை வந்தது, காண்ட்ராக்ட் முடிந்தது, ஊர் வந்துவிட்டான். இப்போது அத்னானுக்குத் தருகிற வேலை அந்தக் கைக்குச் சொல்லிக்கொடுப்பது. உடம்பெல்லாம் சென்சார் பட்டை கட்டிக்கொண்டு குனிய வேண்டும், எடுக்க வேண்டும், எங்கே தயங்குகிறான், எதைப் பார்த்துப் பின்வாங்குகிறான் என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். ஜோக் முடிவதற்குள் சிரிக்கிற பையன். அவன் சிரிக்கப் போவதை அது அவனுக்கு முன்னால் தெரிந்துகொள்ளும்.

ஆரிபாவுக்கும்தான் எல்லாம் தெரியும், இல்லையா? டீ வேண்டுமா வேண்டாமா என்று அவன் முகத்தைப் பார்த்தே தெரியும். தெரிந்தும் கேட்பாள், "டீ போடவாங்க?" என்று. வேண்டாம் என்றால் சும்மா இருப்பாள். ஆமை கேட்டதே இல்லை... இதைச் சொன்னால் அத்னானுக்குப் புரியுமா? அடே, கேட்காமல் உன்னைத் தெரிந்துகொள்கிற இடத்துக்குப் போகாதே. இதுதான், இப்படித்தான் சொல்ல வேண்டும். வெள்ளாற்றுப் பாலம் வந்தபோது அந்த வார்த்தை நாக்கில் உருண்டு தயாராக இருந்தது.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் அத்னான் பைக்கோடு நின்றான், முகமெல்லாம் சிரிப்பு. சலாம் சொல்லி, அக்காவை விசாரித்து, பையை வாங்கி ஹேண்டிலில் மாட்டினான். நூருல் அமீன் வாயைத் திறப்பதற்குள் அவனே, "கோச்சிக்காதீங்க மச்சான். நீங்க வேணாம்னுதான் சொல்லுவீங்கன்னு தெரியும். மூணு நாளா சரியா சாப்புடலன்னு அக்கா சொன்னிச்சு. அதான் நேத்தே பாஸ்போர்ட்ட ஏஜென்டாண்ட குடுத்துட்டேன்," என்றான். பிறகு தரையைப் பார்த்து, "மெஷினே வழி விடுற எடம், அங்க என்ன மச்சான் பயம்? இப்பவும் நீங்க வாயத் தொறந்து வேணாம்னு சொன்னீங்கன்னா, சாயங்காலமே போயி திருப்பி வாங்கிடுறேன். சொல்லுங்க." சொல்லியிருக்கலாம். கேட்டுவிட்டானே, தெரிந்தும் கேட்டுவிட்டானே... நாக்கில் இருந்த வார்த்தை அப்படியே இருந்தது, ஆனால் அது தன்னுடையதா, மூன்று நாளாகச் சோறு இறங்காமல் தன் முகத்தில் எழுதியிருந்ததை எல்லோரும் முன்பே வாசித்துவிட்ட ஒன்றா என்று சந்தேகம் வந்தது. அந்த நேரம் பாங்கு சொன்னார்கள். "தொழுதுட்டு வந்து சொல்றேன்," என்றான்.

பள்ளிவாசலில் ஒளு செய்துவிட்டு உள்ளே போகும்போது ஜமாஅத் தொழுகை தொடங்கியிருந்தது. அத்னான் முந்திப் போய்ப் பின்வரிசையின் ஓரத்தில் சேர்ந்துகொண்டான். நூருல் அமீன் வாசல் பக்கம் தயங்கினான், போய் நிற்பதா, இன்று முடியுமா என்று உள்ளுக்குள் பார்த்தான், இன்னும் ஒன்றும் தெரியவில்லை. அப்போது வரிசையில் நின்ற வெள்ளைத் தொப்பிக்காரர் ஒருவர், திரும்பிக்கூடப் பார்க்காமல், காலடிச் சத்தம் கேட்டோ என்னவோ, அத்னானிடமிருந்து ஒன்றரை அடி தள்ளி நின்றார். இருவருக்கும் நடுவில் சரியாக ஓர் ஆள் நிற்கும் அகலத்துக்கு இடம் திறந்தது. எல்லாப் பள்ளியிலும் எல்லா நாளும் நடப்பதுதான், அவனே எத்தனையோ பேருக்கு அப்படி ஒதுங்கியிருக்கிறான். கால்கள் தாமாக நகர்ந்தன. நகர்கிற தன் கால்களை அவன் பார்த்துக்கொண்டே போனான், நான் இன்னும் முடிவு செய்யவில்லையே, நான் இன்னும்...