மூன்று நாள் காமாலை

வெம்பக்கோட்டையில் பஸ் ஏறியதிலிருந்து மதுரை வந்து சேரும்வரை முருகம்மாள் மகளுக்கு ஒரே பாடத்தைத்தான் நடத்திக்கொண்டு வந்தாள்.

"என்ன கேட்டாலும் காமாலைன்னு சொல்லு. வேற எதையும் வாயத் தொறந்து சொல்லிப்புடாத."

"சரிம்மா."

"எங்க, ஒரு தடவ சொல்லிக் காட்டு."

"காமாலைம்மா, காமாலை!" என்றாள் பானுப்பிரியா, அலுத்துப்போய். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பாவம், தன் கண்ணைப் பற்றித்தான் பேசுகிறார்களோ என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

விஷயம் இதுதான். எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப்பணிப் படிப்புக்கு மதுரைக் கல்லூரி ஒன்றில் அன்று நேர்முகத் தேர்வு. பானு பி.காம். முதல் வருடத்தில் வகுப்பிலேயே கெட்டிக்காரி. இரண்டாம் வருடம் மார்க் தொபுக்கடீரென்று விழுந்தது, இரண்டு செமஸ்டரிலும் அரியர். மூன்றாம் வருடம் மறுபடி மேலே. நடுவில் ஏன் இப்படி என்று யாராக இருந்தாலும் கேட்கத்தான் செய்வார்கள். பதில் சரியில்லையென்றால் சீட்டு போச்சு. சீட்டு போனால் சிவகாசி அச்சாபீசில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காலண்டருக்குத் தகரம் அடிக்க வேண்டியதுதான்.

உண்மையான காரணம் தைராய்டு. கழுத்துக்குள் இருக்கிற ஏதோ ஒரு சுரப்பி ஸ்டிரைக் செய்துவிட, பானு அந்த வருடம் முழுக்கத் தூங்கினாள். வகுப்பில் தூங்கினாள். பஸ்ஸில் தூங்கி ஊரைத் தாண்டிப் போய் இறங்கினாள். பரீட்சை ஹாலில் பேனாவைப் பிடித்தபடியே தூங்கினாள். உடம்பு வேறு ஊதியது. தின்னுட்டுத் தின்னுட்டுத் தூங்குறா என்று வீட்டிலும் தெருவிலும் ஒருத்தர் பாக்கியில்லாமல் ஏசினார்கள். கடைசியில் சளிக்கு மருந்து வாங்கப் போன இடத்தில் விருதுநகர் டாக்டர் ஒருவர் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார். பொடி மாத்திரை ஒன்று, தினமும் காலையில். கொஞ்ச நாளில் பானு பழைய பானு ஆகிவிட்டாள்.

இதை அப்படியே சொன்னால் என்ன? சொல்லக் கூடாது. காமாலை ஊருக்கே வரும், வந்த மாதிரியே போகும், அதனால் யார் கல்யாணமும் நின்றதில்லை. தைராய்டு என்றால் ஆயுசுக்கும் மாத்திரை, பிள்ளை பிறக்காது என்றெல்லாம் அச்சாபீசில் பேசிக்கொள்கிறார்கள். மல்லாங்கிணறு சோலையம்மாள் தன் மகன் அன்பரசனுக்குப் பானுவைக் கேட்டிருக்கிற நேரம் இது. அன்பரசனைப் பானுவுக்கும் பிடித்துத்தான் இருந்தது.

கல்லூரி வராந்தாவுக்குப் போனால், அந்தச் சோலையம்மாளே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்! அவள் மகள் சினேகாவும் அதே படிப்புக்கு வந்து, அப்போதுதான் உள்ளே போய்விட்டு வந்திருந்தாள்.

"வாங்க மதினி. சாப்பிட்டீகளா?"

"ஆச்சு மதினி" என்ற முருகம்மாளுக்குக் குப்பென்று வியர்த்தது. மகளின் கையை ஒரு கிள்ளு கிள்ளி உள்ளே அனுப்பினாள்.

உள்ளே ஒரு மேடமும் ஒரு சாரும் இருந்தார்கள். மேடம் நேராக அங்கேதான் வந்தார்.

"ரெண்டாம் வருஷம் என்னம்மா ஆச்சு?"

"காமாலை மேடம்."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "விருதுநகர்ப் பக்கமா?"

"ஆமா மேடம்."

"இன்னைக்கு அந்தப் பக்கத்துல இருந்து வர்ற மூணாவது காமாலை நீ."

சார் சிரிப்பை மறைக்க டீ கிளாசைத் தூக்கிக்கொண்டார்.

"என்ன வைத்தியம் பாத்தே?"

இதற்கு அம்மா பாடம் நடத்தியிருக்கவில்லை. ஆனால் காமாலை வைத்தியம் தெரியாத பிள்ளை அந்தப் பக்கம் உண்டா? பானு உற்சாகமாக எடுத்துவிட்டாள்.

"கீழாநெல்லி மேடம். அரைச்சு மோர்ல கலக்கி வெறும் வயித்துல குடிக்கணும். மூணு நாள்."

"மூணு நாள்ல சரியாயிடுச்சா?"

"சுத்தமா சரியாயிருச்சு மேடம்!"

"மூணு நாள் காமாலைக்கு ரெண்டு செமஸ்டர் அரியரா?"

போச்சுடா. சார் இந்த முறை டீயைத் துப்பியே விட்டார். பானுவுக்குக் காதெல்லாம் சுட்டது. இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று எல்லாவற்றையும் கொட்டினாள். தூங்கியது, ஊதியது, மாத்திரை, எல்லாம்.

"ஒரு வருஷமா ஒருத்தருக்குமா தெரியல? உனக்கே சந்தேகம் வரலையா?" என்றார் மேடம்.

"இல்ல மேடம். எல்லாரும் சோம்பேறின்னு சொன்னாங்க. நானும் என்னை அப்படித்தான் நெனச்சேன்."

மேடம் மார்க் ஷீட்டை மறுபடி ஒருமுறை புரட்டினார். பிறகு, "இது நெசமா, இதுவும் கீழாநெல்லிக் கதையா? அம்மாவைக் கூப்பிடு" என்றார்.

முருகம்மாள் உள்ளே வந்து கும்பிட்டாள். கதவு திறந்தே கிடந்தது. வெளியே சோலையம்மாளின் சேலைத் தலைப்பு தெரிந்தது.

"பொண்ணுக்கு என்னம்மா சீக்கு?"

"காமாலைங்க."

"யம்மா, நான் சொல்லிட்டேம்மா" என்று முனகினாள் பானு.

"காமாலைதாங்க. காமாலையத் தவிர வேற ஒண்ணுமில்ல!"

"அப்போ உங்க பொண்ணு எங்ககிட்ட வேற கதை சொல்லியிருக்கா" என்றார் மேடம். "பொய் சொல்ற பிள்ளைக்கு எப்படிம்மா சீட்டு தர்றது?"

முருகம்மாள் மகளைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். மூக்கு விடைத்தது.

"ஆரு பொய் சொன்னா? எம்மவளா? நாந்தேன் சொல்லச் சொன்னேன். தைராய்டுதேன் அவளுக்கு! இப்பவும் தெனமும் மாத்திரை போடுறா!"

அச்சாபீஸ் மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை அது. வராந்தா மட்டுமல்ல, கேட்டில் நின்ற வாட்ச்மேனும் கேட்டிருப்பார்.

"சரி, மெதுவா" என்று சிரித்தார் மேடம். "மூணாம் வருஷ மார்க்கும் அதைத்தான் சொல்லுது. திங்கக்கிழமை வந்து சேர்ந்துக்க பானுப்பிரியா. மாத்திரையை மட்டும் விட்டுடாதே."

வெளியே வந்த முருகம்மாள், பெஞ்சுப் பக்கம் திரும்பாமல் விறுவிறுவென்று நடந்தாள். சீட்டு கிடைத்தது, சம்பந்தம் போனது என்றுதான் பானுவும் நினைத்தாள். பின்னாலேயே ஓட்டமும் நடையுமாகச் சோலையம்மாள் வந்தாள்.

"மதினி, நில்லுங்க. மாத்திரை குடுத்த அந்த டாக்டரு எங்கன இருக்காரு?"

முருகம்மாள் நின்றாள்.

"இந்தச் சினேகாவும் உள்ள காமாலைன்னுதேன் சொல்லியிருக்கா. என்ன சீக்குன்னே தெரியல மதினி. எந்நேரமும் தூங்குறா. நானும் வாயில வந்ததையெல்லாம் சொல்லி வையுறேன், திருந்த மாட்டேங்கிறா."

முருகம்மாள் சினேகாவின் அருகில் போனாள். அந்தப் பெண்ணின் தாடையைப் பிடித்து நிமிர்த்திக் கழுத்தைப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே கன்னத்தைத் தடவிக் கொடுத்தாள்.

"நாளைக்கே கூட்டிட்டுப் போவோம். இனிமே வையாதீக மதினி. புள்ள மேல ஒரு தப்பும் இல்ல."

அந்த வார்த்தையைப் பானு அம்மாவின் வாயிலிருந்து கேட்டதே இல்லை. டாக்டர் வீட்டிலிருந்து வந்த அன்றுகூடக் கேட்டதில்லை. சீட்டு கிடைத்தபோது வராத அழுகை இப்போது வந்தது.