பாத்திமா தூண்

பனிச்சரிவில் சிக்கியவர்களை மீட்க எங்கள் மலையூரில் வைத்திருக்கும் அவசரப் பெட்டியில் ஒரே ஒரு கோடாலிக்குத்தான் இடம். பெட்டிச் சாவி என்னிடம் இருந்ததால் தீர்ப்பும் என் தலையில் விழுந்தது. எங்கள் கொல்லன் அடித்த பழைய கோடாலியா, கோரோக் நகரக் கடைத்தெருவில் வாங்கிய சிவப்புப் பிளாஸ்டிக் பிடிக் கோடாலியா?

"பொம்மைக் கடைக்குப் போனியா நிசோர்மோ?" என்றான் என் அண்ணன் தொவுத்ஷோ. "குளிர்ல அந்தப் பிடி படக்குனு ஒடிஞ்சா என்ன பண்ணுவ? நம்மளுதுன்னா ஒரு கொம்பைச் சீவிச் செருகிக்கலாம்."

"உன்னோடது ஓங்கினாலே தலை கழண்டு ஓடுது. போன வருஷம் யார் மண்டை தப்பிச்சுதுன்னு அண்ணியைக் கேளு. இது பனியில விழுந்தாலும் சிவப்பாத் தெரியும்."

அண்ணி ஷகர்மோ சிரித்தாள். "அண்ணனும் தங்கச்சியும் வாயாலயே விறகு வெட்டிருவீங்க."

சிவப்பையே வைத்தேன்.

பிப்ரவரியில் ஒரு மதியம் மேல்சரிவுப் பனி இறங்கி அண்ணன் வீட்டின்மேல் உட்கார்ந்தது. அவன் மாட்டுக் கொட்டகையில் இருந்தான், அண்ணி உள்ளே. ஏழு பேர் தோண்டினோம். கூரையைப் பிளந்ததும் அவள் குரல் கேட்டது. ஒரு தூண் சாய்ந்து அவள் மார்பை அழுத்திக்கொண்டிருந்தது. உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்தாயிற்று. இனித் தூணை வெட்டினால் போதும். கோடாலியை ஓங்கினேன்.

அண்ணன் என் கையைப் பிடித்தான். "ஏய், இது பாத்திமா தூணுடி!"

எங்கள் வீடுகளில் தூண்கள் ஐந்து, ஐந்துக்கும் புனிதப் பெயர்கள்; இது நபிகளின் மகள் பெயரில் நிற்பது, இதன்மேல் கோடாலி படக் கூடாது என்பார்கள். கல்யாணத்தன்று அண்ணியை இந்தத் தூணடியில்தான் உட்கார வைத்தோம். மற்றவர்கள் தலை குனிந்துகொண்டார்கள்.

"கலீஃபாவைக் கேட்டுட்டு வெட்டலாம். பாவம் வந்து சேரக் கூடாது," என்றான் அண்ணன். தொழுகை நடத்தும் கலீஃபாவின் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஒருவன் ஓடினான்.

"வெட்டுடி நிசோர்மோ," என்றாள் அண்ணி கீழேயிருந்து. "பாத்திமாம்மா பொம்பளைதானே, கோவிச்சுக்க மாட்டாங்க." கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை, "வெட்டுடி." பிறகு பேசவில்லை.

ஊரில் எனக்கு வாயாடி என்று பெயர். அந்த வாய் அன்று எங்கே போய்த் தொலைந்ததோ.

கலீஃபா மூச்சிரைக்க வந்தார். "மனுஷ உசிரை விடத் தூணாடா பெருசு? இதைக் கேக்கவா ஆள் அனுப்பினீங்க?" என்று கத்தினார். அண்ணன் என் கையிலிருந்து கோடாலியைப் பிடுங்கி வெட்டினான். அழுதுகொண்டே வெட்டினான். அவளை வெளியே எடுத்தபோது உடம்பில் சூடு இருந்தது. மூச்சு இல்லை.

அடுத்த மாதம் மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து விசாரித்தார். "புதுக் கோடாலி எப்படி? பழசு இருந்திருந்தா சீக்கிரம் வெட்டியிருக்கலாமா?"

"எதுவா இருந்தாலும் அஞ்சு நிமிஷ வேலைதான் ஐயா," என்றான் அண்ணன். "கலீஃபா வரத்தான் இருபது நிமிஷம் ஆச்சு."

அவன் என்னைப் பார்க்கவில்லை. அந்த இருபது நிமிடமும் கோடாலி என் கையில்தான் இருந்தது. என் கையைப் பிடித்த அவன் பிடி அப்போதே தளர்ந்திருந்தது. நான்தான் கையை உதறி வெட்டவில்லை.