ஏரியில் கொப்பளித்த குரல்

கோட்டைக்குப்பத்துப் பூபதிக்கு இரண்டு தொழில். காலையில் மீன் ஏலம் கூவுவார், சாயங்காலம் கச்சேரி பாடுவார். முதல் தொழில் சோறு போட்டது. இரண்டாவது சால்வை போர்த்தியது. அந்தச் சால்வையைப் பொன்னேரியில் அவரே வாங்கி, போர்த்தப்போகிறவரிடம் முன்கூட்டியே கொடுத்து வைப்பார் என்பது ஊருக்கே தெரியும். ‘ஏரிக்கரை ஏழிசை வேந்தர்’ என்ற பட்டத்தை யார் கொடுத்தது என்று எவரும் கேட்டதில்லை. பேனர் கடையில் சொன்னால் அச்சடித்துத் தருகிறார்கள், அவ்வளவுதான்.

கங்கையம்மன் திருவிழா நெருங்கிய நேரத்தில் அவர் தொண்டை கட்டிக்கொண்டது. இறால் நிறையப் பட்ட காலம், கூவிய கூவலில் குரல் கிழிந்து போனது. பூபதி அதை ஏலத்தால் வந்த கேடு என்று ஒப்புக்கொள்ளவில்லை, அசுர சாதகம் என்று சொல்லிக்கொண்டார்.

விழாக் கமிட்டித் தலைவர் தெய்வசிகாமணி வீட்டுக்கே வந்துவிட்டார். “வெள்ளிக்கெழமைக்குள்ள தொண்ட தெறக்கலைன்னா சொல்லிடு வேந்தரே. பொன்னேரி சிவசங்கருக்கு ஒரு போன் போட்டா போதும், ஆட்டோ புடிச்சிக்கினு வந்துடுவான்.”

சிவசங்கர் தன் மேடையில், தன் மைக்கில்! பூபதி அன்றைக்கே டாக்டரிடம் ஓடினார்.

“பேசவே கூடாது. கிசுகிசுன்னும் பேசாதீங்க, அது இன்னும் கெடுக்கும்” என்றார் டாக்டரம்மா. “ஆவி பிடிங்க. வெதுவெதுப்பான தண்ணியில உப்பு போட்டுக் கொப்பளிங்க.”

“இது சாதாரணத் தொண்டை இல்லீங்க டாக்டர்” என்று கிசுகிசுத்தார் பூபதி.

“எல்லாத் தொண்டையும் ஒண்ணுதாங்க” என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

தொண்டையைவிட அந்த வார்த்தைதான் அதிகம் வலித்தது. மறுநாள் விடியற்காலையில் மனைவி திரௌபதி டம்ளரில் உப்புத்தண்ணீர் நீட்டியபோது, பூபதி கையை ஆட்டி மறுத்தார். பாக்கெட் உப்பு ஊரில் மற்றவர்களுக்கு. ஏழிசை வேந்தருக்கு வாசலிலேயே ஓர் ஏரி உப்பாகக் கிடக்கிறது. அந்தப் பக்கம் விரலை நீட்டிக் காட்டினார்.

“இன்னா, ஏரித்தண்ணியா? வாயில வெச்சிக்கினா வெச்சிக்கோ. திரும்ப அதுலயே துப்பித் தொலைக்காத. தொழிலுக்குப் போறவன் எவனாவது ஏரியில துப்புவானா?”

துப்பமாட்டான். எச்சில் வந்தால் படகுக்குள்ளேயே துப்பிக் கழுவி விடுவான். ஏரியில் விழுந்தது ஏரிக்குச் சொந்தம் என்பது அங்கே கணக்கு. ஆனால் பூபதி படகேறி வருஷக்கணக்காகிறது. கலைஞனுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது.

முழங்காலளவு தண்ணீரில் போய் நின்றார். ஏரி முழுக்கப் பனிமூட்டம். கண்ணுக்குத் தெரியாத படகுகள் ஒன்றுக்கொன்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தன. “யாரு?” “நான்தான் சிங்காரம்!” பனியில் எதிரே ஏதோ கறுப்பாகத் தெரிந்தால் இப்படித்தான் கேட்பார்கள். பதில் வந்தால் மனிதன். வராவிட்டால் வலைக்காக நட்ட கழி. இல்லாவிட்டால் பார்க்கக்கூடாத ஏதோ ஒன்று. திரும்பிப் பார்க்காமல், படகு தள்ளும் கோலை அழுத்திப் போட்டுப் போய்விட வேண்டும்.

பூபதி ஏரியை அள்ளி, அண்ணாந்து, ‘ச’வில் கொப்பளித்துத் துப்பினார். அடுத்த வாய் ‘ரி’. வெறுமனே கொப்பளிக்க அவரால் முடியாது. அதிலும் ஒரு கச்சேரி வேண்டும். ‘நி’யைத் துப்பி முடித்தபோது வலி போயிருந்தது. வீட்டைக் காலி செய்தவர்கள் போவதுபோல, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. வாயைத் திறந்தால் காற்றுகூடச் சத்தம் போடவில்லை.

இரண்டு நாள் கழித்து மச்சினன் சிங்காரம் வந்தான். “இன்னா மாமா, டாக்டரு பேசக்கூடாதுன்னா, நீ விடியக்காலம் ஏரி நடுவுல கச்சேரி பண்ணிக்கினு கீற? ‘பேரன்புமிக்க ரசிகப் பெருமக்களே’ன்னு ஆரம்பிச்ச பாரு, அதுலயே கண்டுபுடிச்சிட்டேன். ஒண்ணு மட்டும் சொல்றேன் மாமா, இத்தினி வருஷத்துல இப்பதான் சுருதி சேந்துக்குது.”

பயப்படுவதா, கோபப்படுவதா என்று பூபதிக்குத் தெரியவில்லை. வழக்கம்போலக் கோபப்பட்டார். அன்று மாலை கரைக்குப் போய்க் காது கொடுத்தார். தூரத்துத் தண்ணீரிலிருந்து அவர் குரல் உருகி உருகிப் பாடிக்கொண்டிருந்தது. பாட்டு நின்ற இடத்தில் ஏலம் தொடங்கியது. “ஒரு தரம்… ரெண்டு தரம்…” எதை ஏலம் விடுகிறது என்று அது சொல்லவில்லை. பூபதி வீட்டுக்கு ஓடிப்போய்ப் போர்த்திக்கொண்டு ஆவி பிடித்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. உண்மையைச் சொல்லி விலகியிருக்கலாம்தான். ஆனால் சிவசங்கர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். பூபதி மேடையேறி, கும்பிட்டு, வாயைத் திறந்தார். ஒன்றுமில்லை. கடைவாயோரம் உப்புத்தண்ணீர் மட்டும் வழிந்தது.

அப்போது மேடைக்குப் பின்னால், ஏரியிலிருந்து பாட்டு கிளம்பியது.

பூபதி சட்டென்று உதட்டை அசைத்தார். கூட்டம் உருகிப் போனது. பெண்கள் அழுதார்கள், சிவசங்கர்கூட எழுந்து கைதட்டினான். தெய்வசிகாமணி ஓடிவந்து சால்வை போர்த்தினார். பூபதி தன் கையால் வாங்காத முதல் சால்வை. அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டபோது, பின்னால் அவர் குரல் நிதானமாக, “நன்றி… வணக்கம்” என்றது.

விடிந்ததும், போர்த்திய சால்வையோடே, சிங்காரத்தின் சின்னப் படகை அவிழ்த்துக்கொண்டு கிளம்பினார். துப்பியதால் போனது, விழுங்கினால் வரும் என்பது அவர் கண்ட வைத்தியம். பனிக்குள் குரல் கேட்ட திசையில் கோலை ஊன்றிப் போனார். அள்ளினார், விழுங்கினார். உப்பு. மறுபடி விழுங்கினார். வெறும் உப்பு. குனிந்த நேரத்தில் கோல் கை நழுவிப் போனது. படகு தானாக முகத்துவாரத்துப் பக்கம் நகர ஆரம்பித்தது. அதைத் தாண்டினால் கடல்.

நல்லவேளை, எதிரே ஒரு படகு.

“யாரு?” என்றது சிங்காரத்தின் குரல்.

பூபதி வாயைப் பிளந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு துளிச் சத்தம் இல்லை. படகின் பலகையை இரண்டு கையாலும் அறைந்தார்.

“யாருப்பா அது?”

“நான்தான்!” என்று எங்கோ அந்தப் பக்கத்திலிருந்து கணீரென்று பதில் வந்தது. “ஏரிக்கரை ஏழிசை வேந்தர், பூபதி!”

சிங்காரம் படகில் கூட வந்தவனிடம் சொல்லிச் சிரித்தான். “மாமா அந்தாண்ட கீறாரு. ராத்திரி சால்வ போட்டாங்கல்ல, தல கால் புரியல.” உடனே குரலைத் தாழ்த்தினான். “இந்தாண்ட ஏதோ தட்டுது, பேரு சொல்ல மாட்டேங்குது. திரும்பிப் பாக்காத. அழுத்திப் போடு.”

கோல் தண்ணீரைக் கிழித்து விலகிப்போகும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. பூபதி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். படகு வேகம் பிடித்தது.

பனிக்குள்ளிருந்து, மிக அருகில், அவருடைய குரல் சொன்னது:

“மூணு தரம்.”