பதினேழு வீட்டுக்கும் இருபது ரூபாய்

1938-ஆம் வருஷம் வைகாசி மாதத்தில், எருமப்பட்டிக்குத் தெற்கே குன்னிக்காட்டூர் என்ற சிற்றூரில் பதினேழு வீடுகள் ஒரே மத்தியானத்தில் எரிந்துபோயின. சின்னாயி என்ற கைம்பெண் தன் வாசலில் அடுப்பு மூட்டி, எண்ணெய் எடுப்பதற்காக ஆமணக்குக் கொட்டையை வேகவைத்துக்கொண்டிருந்தாள். மேற்கே இருந்து ஒரு சுழல்காற்று வந்தது. நெருப்புப் பொறி அவளுடைய கூரையில் ஏறி, அங்கிருந்து அடுத்த கூரைக்குத் தாவியது. சோளத்தட்டும் பனையோலையும் வேய்ந்த வீடுகள். ஜனங்கள் காட்டிலிருந்து ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆள் யாரும் சாகவில்லை. ஆனால் தவசதானியம், துணிமணி, கலப்பை, விதை எல்லாம் சாம்பல்.

பச்சமுத்து அன்றைக்கு ஊரிலேயே இருந்தான். கொட்டகையில் அவனுடைய இரண்டு எருதுகளும் கட்டிக் கிடந்தன. எரியும் கூரைக்குள் நுழைந்து ஒன்றின் கயிற்றை அவிழ்த்து வெளியே விரட்டினான். இரண்டாவது எருதின் முடிச்சு இறுகியிருந்தது. அதோடு மல்லாடிக்கொண்டிருக்கும்போதே மூங்கில் சட்டம் எரிந்து கைகளின் மேல் விழுந்தது. எருது அங்கேயே செத்தது. பச்சமுத்துவை ஊரில் இருந்த நான்கு பேர் இழுத்து வெளியே போட்டார்கள். இரண்டு கைகளும் மணிக்கட்டு வரைக்கும் வெந்திருந்தன.

அவன் மனைவி அத்தாயிக்கு அப்போது முப்பது வயது இருக்கும். இரண்டு பெண் குழந்தைகள். குத்தகைக்கு எடுத்த மூன்று ஏக்கர் மேட்டுக்காடு. மழை பெய்தால்தான் வெள்ளாமை. அவள் சாம்பலைக் கிளறிக் கிளறி கலப்பையின் இரும்புக் கொழுவை மட்டும் கண்டெடுத்தாள்.

செய்தி சேலத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அஸ்தம்பட்டியில் இருந்த ஒரு வக்கீல் நிவாரணக் கமிட்டி ஒன்று கூட்டினார். வியாபாரிகளும் பள்ளிக்கூட வாத்தியார்களும் கொடுத்ததில் முந்நூற்று நாற்பது ரூபாய் சேர்ந்தது. வீட்டுக்கு ஒரு சேலை, ஒரு வேட்டி, அரை மூட்டை அரிசி, சட்டி பானை, தென்னங்கீற்று என்று வக்கீல் ஒரு ஜாபிதா எழுதினார். வாங்கிக் கொடுத்துவிட்டு வருகிற வேலையை அர்த்தநாரியிடம் ஒப்படைத்தார். அர்த்தநாரி ஜவுளி மண்டியில் குமாஸ்தா. நாற்பது வயது, அதிகம் பேசாத மனுஷர். சரக்கு வாங்குவதில் கெட்டிக்காரர் என்று பெயர்.

"ஒரு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். காசாக மட்டும் யார் கையிலும் கொடுத்துவிடாதீர்கள். கள்ளுக்கடையை மூடி இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. திருட்டுத்தனமாகக் காய்ச்சுகிறவன் எல்லா ஊரிலும் இருக்கிறான்" என்று வக்கீல் சொல்லி அனுப்பினார்.

பஸ்ஸில் நாமக்கல் வந்து, அங்கிருந்து மாட்டுவண்டி பிடித்து அர்த்தநாரி குன்னிக்காட்டூருக்கு வந்தபோது, ஜனங்கள் ஊருக்கு வெளியே புளியந்தோப்பில் குடியிருந்தார்கள். சாமான் வாங்குவதற்கு முன்னால் ஊரை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று வந்தவர் அவர். பார்த்ததும் குழம்பிப்போனார். பெண்கள் எல்லாரும் பழசோ கிழிசலோ ஏதோ ஒரு சேலை கட்டியிருந்தார்கள். மரத்தடிக்கு மரத்தடி புது மண்பானை இருந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் பனையோலை வெட்டி இரண்டு வண்டி கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள்.

"உங்களுக்கு என்னென்ன வேணும்?" என்று பொதுவாகக் கேட்டார்.

"சாமி பாத்து எதைக் குடுத்தாலும் சரிங்க" என்றார்கள்.

அத்தாயி மட்டும் எழுந்து நின்றாள். "ஏனுங்க சாமி, தப்பா நெனைக்காதீங்க. சேலை எங்கண்ணன் பொண்டாட்டி குடுத்துட்டாங்க. பானை கொசவர் ஊட்டுல குடுத்தாங்க. கேட்டா ராகி ஒரு படி ரெண்டு படி கெடைக்குதுங்க. எனக்கு வேண்டியது அதில்லீங்க."

"பின்னே என்னம்மா வேணும்?"

"என்ற ஊட்டுக்காரரோட கையைப் பாருங்க. நாமக்கல்லு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போகோணும், வண்டிச் சத்தம் குடுக்கக் காசில்லீங்க. ஆனி பொறந்தா மழை உழுந்துரும், கடலை போட வெதைக்காய் இல்லீங்க. கலப்பைக்கு மரம் இல்லீங்க. இதெல்லாம் நீங்க வாங்கிக் குடுக்கறதா இருந்தா சொல்லுங்க, நான் இன்னும் சொல்றேன். ஆனா அந்தா அந்த ஊட்டுக்காரங்களுக்கு வெதைக்காய் ஆகாதுங்க, அவுங்களுக்குக் காடே இல்லை. அவுங்களுக்கு வேற வேணும்."

அர்த்தநாரி மரத்தடி மரத்தடியாகப் போய் ஒவ்வொரு வீட்டாரோடும் உட்கார்ந்து பேசினார். அத்தாயி சொன்னது சரிதான். ஒருத்தருக்கு வேண்டியது இன்னொருத்தருக்கு வேண்டியதில்லை. ஒரு தச்சனுக்கு உளியும் வாய்ச்சியும் போய்விட்டன. ஒரு வீட்டில் ஆனியில் பெண்ணுக்கு நிச்சயம் செய்து ஆவணியில் கல்யாணம் வைப்பதாகப் பேச்சு. மாப்பிள்ளை வீட்டார் இப்போது தயங்குகிறார்கள். பதினேழு சேலையை ஒரே கட்டாக வாங்கினால் மலிவாகக் கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். அந்தக் கட்டை இங்கே கொண்டுவந்து பிரித்தால் பாதிப் பேருக்கு உதவாது என்பதும் இப்போது தெரிந்துபோயிற்று.

அன்று சாயங்காலமே நாமக்கல்லுக்குப் போனவர், மறுநாள் காலையில் சாமான் எதுவும் வாங்காமல் வெறும் கையோடு திரும்பி வந்தார். நோட்டை மாற்றிக் கொண்டுவந்த வெள்ளி ரூபாய் மடியில் துணிப்பையில் இருந்தது. எல்லாரையும் கூப்பிட்டு, "வீட்டுக்கு இருபது ரூபாய். உங்களுக்கு எது வேணுமோ நீங்களே வாங்கிக்குங்க" என்றார். இருபது வெள்ளி ரூபாயை ஒன்றாகப் பார்த்தவர்கள் அங்கே சிலர்தான்.

கருப்பண்ணன் என்பவன் முன்னால் வந்தான். "சாமி, சின்னாயிக்குங் குடுப்பீங்களா? அவ அடுப்புல கெளம்புன நெருப்புதானுங்க இத்தனையும்."

சின்னாயி தோப்பின் கடைசியில் தனியாக நின்றாள். ஐம்பது வயசுக்காரி. தீ விபத்துக்குப் பிறகு அவளோடு யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"அந்தம்மா வீடும் எரிஞ்சுதா?" என்று அர்த்தநாரி கேட்டார்.

"எரிஞ்சுதுங்க. அவளோட மாட்டுல ஒண்ணும் செத்துப்போச்சுங்க."

"அப்ப பதினேழு வீடுதான்."

"எனக்கு வேண்டாமுங்க சாமி" என்றாள் சின்னாயி. "இவுங்களுக்கே பிரிச்சுக் குடுத்துருங்க."

"எனக்குப் பிரிக்கத் தெரியாதுங்கம்மா. வந்து வாங்கிக்குங்க" என்று அவர் பணத்தை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு யாரையும் பார்க்காமல் போனாள்.

குடும்பத் தலைவன் கைநாட்டு வைத்து நிவாரணத்தை வாங்க வேண்டும் என்பது கமிட்டியின் விதி. பச்சமுத்துவின் முறை வந்தபோது அவன் துணி சுற்றிய இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான். அதனால் அத்தாயி கைநாட்டு வைத்தாள். பணம் அவள் முந்தானைக்குப் போயிற்று.

அவள் அன்றைக்கே வண்டி பேசிப் புருஷனை நாமக்கல்லுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பத்து நாள் அங்கேயே ஆஸ்பத்திரி மரத்தடியில் தங்கிக் கட்டு மாற்ற வைத்தாள். கை பிழைத்துவிடும், ஆனால் விரல் மடங்க மாசக்கணக்காகும் என்றார் டாக்டர். திரும்பும் வழியில் இரண்டு மூட்டை விதைக்காய் வாங்கி வண்டியில் ஏற்றினாள். மழை பெய்தபிறகு எல்லாரும் தேடும்போது விலை ஏறிவிடும் என்று அவளுக்குத் தெரியும். தச்சனுக்கும் அப்போது உளி வந்துவிட்டது. அவன் கலப்பை செய்து கொழுவை மாட்டிக் கொடுத்தான். வீட்டுக்குக் கூரை மட்டும் போடவில்லை. நான்கு கம்பு நட்டு ஓலையைச் சாய்த்து, அதற்குள்ளேயே படுத்தார்கள்.

ஆனி பத்தாம் தேதி நல்ல மழை. அத்தாயியிடம் விதை இருந்தது, கலப்பை இருந்தது, ஒரு எருதும் இருந்தது. இன்னொரு எருது இல்லை. மிச்சமிருந்த காசில் அதை வாங்க முடியாது. ஊரில் ஒற்றை மாடு வைத்திருந்தவள் இன்னும் ஒருத்தி இருந்தாள்.

"சின்னாயி அக்காகிட்டக் கேக்கப்போறேன்" என்றாள்.

பச்சமுத்துவுக்குக் கண் சிவந்துவிட்டது. "என்ற கையைச் சுட்டவ மாட்டை என்ற காட்டுல கட்டுவியா? நான் ஏர் புடிக்க மாட்டேன்."

"நீங்க எங்கீங்க புடிக்கறது? நாந்தானே புடிக்கோணும்."

"பொம்பளை ஏர் புடிச்சா ஊர் சிரிக்கும், புள்ளே."

"சிரிக்கட்டுமுங்க. ஈரம் நாலஞ்சு நாளைக்குத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள்.

உண்மையில் அவளுக்கும் மனசு ஆறியிருக்கவில்லை. புருஷன் வலியில் முனகுவதைக் கேட்கும்போதெல்லாம் சின்னாயியின் அடுப்புதான் கண்ணில் வரும். ஆனால் சின்னாயியின் ஓலைச் சாய்ப்புக்கு முன்னால் போய் நின்றபோது, அவள் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தாள். இருபது ரூபாயில் பாதி அவள் முடிச்சில் அப்படியே இருந்தது. அதை வாங்கினதே குற்றம்போல, செலவழிக்கவும் கூசினாள்.

"அக்கா, உங்க மாட்டையும் என்ற மாட்டையும் ஜோடி சேப்போம். மொதல்ல என்ற காடு, பொறகு உங்க காடு. நான் ஏர் புடிக்கறேன், நீங்க பின்னால வெதை போடுங்க."

சின்னாயி தவிட்டுக் கையோடு நின்றாள். "என்னை எப்படிக் கூப்பிடறே சாமி? பச்சமுத்து கையி..."

"அது ஆறீட்டு வருதுங்க. நாளைக்கு வெடியால வாரேன், மாட்டை அவுத்து வையுங்க" என்றாள் அத்தாயி. மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவும் இல்லை.

இரண்டு மாடும் முதல் நாள் ஒத்துப்போகவில்லை. ஒன்று வேகம், மற்றது மந்தம். அத்தாயியின் உள்ளங்கை கொப்புளம் கட்டி உடைந்தது. வரப்பில் நின்று பார்த்தவர்களில் சிலர் சிரிக்கத்தான் செய்தார்கள். மூன்றாம் நாள் சிரிக்க ஆளில்லை. அவரவர் காட்டில் அவரவருக்கு வேலை இருந்தது. ஐந்து நாளில் அத்தாயியின் மூன்று ஏக்கரும் சின்னாயியின் ஒன்றரை ஏக்கரும் விதைத்து முடிந்தன. விதைப்பு முடிந்த அன்று சின்னாயி கம்மஞ்சோறு ஆக்கிக் கொண்டுவந்தாள். கை மடங்காத பச்சமுத்துவுக்கு அத்தாயிதான் ஊட்டிவிட வேண்டும். அன்றைக்கு அவள் மாடு கட்டப் போயிருந்தாள். சின்னாயி உருண்டை பிடித்து அவன் வாய்க்கு நேரே நீட்டினாள். அவன் கொஞ்ச நேரம் வேறு பக்கம் பார்த்தான். பிறகு வாயைத் திறந்தான்.

சேலத்தில் அர்த்தநாரி நல்ல பெயர் எடுக்கவில்லை. சாமான் வாங்கிய ரசீது ஒன்றுமே இல்லாமல் கைநாட்டுக் காகிதத்தோடு வந்தவரை வக்கீல் கடுமையாகப் பேசினார். "ஊரார் பணத்தைத் தண்ணீரில் போட்டுவிட்டீர்கள்" என்றார். அர்த்தநாரி கமிட்டியிலிருந்து விலகிக்கொண்டார். மண்டி வேலையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். பணம் கொடுத்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கவும், கார்த்திகையில் வக்கீல் நேரிலேயே பார்த்துவிடத் தீர்மானித்து அவரையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டார்.

ஊருக்குள் கூரைகள் எழும்பியிருந்தன. வக்கீல் வீடு வீடாகப் போய் விசாரித்தார். தச்சன் இரண்டு ஊருக்குக் கலப்பை செய்துகொண்டிருந்தான். கருப்பண்ணன் இரண்டு வெள்ளாடு வாங்கி, இப்போது ஐந்து உருப்படி வைத்திருந்தான். பெண்ணின் கல்யாணத்தை முடித்துவிட்டோம் என்று ஒரு வீட்டார் சொன்னபோது வக்கீல் முகத்தைச் சுளித்தார். "நின்னுபோயிருந்தா அந்தப் புள்ளைக்கு அப்புறம் ஆருங்க வருவாங்க?" என்று பெண்ணின் தகப்பன் கேட்டான். ஒருவன் மட்டும் மலையடிவாரத்துக்குப் போய் மூன்று நாள் கள்ளச்சாராயம் குடித்துவிட்டு வந்திருந்தான். அதை அவன் மனைவியே சொன்னாள். "மூணு ரூவாய் போச்சுங்க. மிச்சத்தை நான் ஒளிச்சு வெச்சுட்டேன்" என்றாள்.

அத்தாயி காட்டில் கடலைக்காய் பிடுங்கிக்கொண்டிருந்தாள். குவியல் இடுப்பு உயரத்துக்கு இருந்தது. பச்சமுத்து உட்கார்ந்து, தழும்பேறிய விரல்களால் மெதுவாகச் செடியிலிருந்து காய் பறித்தான். பக்கத்தில் சின்னாயி. குழந்தைகள் பச்சைக்காயைத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"ஏம்மா, தலைக்கு மேலே கூரை இல்லாமல் முதலில் விதை வாங்கினாயாமே?" என்றார் வக்கீல்.

"ஓலை கேட்டா ஊருல குடுப்பாங்க சாமி. வெதைக்காய் கேட்டா ஆருங்க குடுப்பாங்க? இப்ப பாருங்க, இந்தக் காயை வித்துக் கூரை போட்டுக்குவேன். அன்னைக்குக் கூரை போட்டிருந்தா அதை வித்துக் காடு வெதைக்க முடியுமுங்களா?"

வக்கீல் குனிந்து ஒரு செடியை எடுத்துக் காயை எண்ணுவதுபோல் பார்த்தார். அத்தாயி முறத்தில் கடலைக்காய் அள்ளிக்கொண்டு வந்து இரண்டு பேருடைய துண்டிலும் கொட்டினாள். வேண்டாம் என்று சொல்ல விடவில்லை.

திரும்பும் வண்டியில் பாதி வழி வரைக்கும் வக்கீல் துண்டிலிருந்த கடலைக்காயை உரித்துத் தின்றுகொண்டு வந்தார். பிறகு, "அர்த்தநாரி, சேந்தமங்கலத்துப் பக்கம் ஒரு ஊரில் பேதி கண்டு ஏழெட்டுக் குடும்பத்தில் சம்பாதிக்கிற ஆள் செத்துப்போய்விட்டாராம். நாளைக் கூட்டத்துக்கு வாருங்கள்" என்றார்.

"என்ன வாங்க வேணுமுங்க?" என்று அர்த்தநாரி கேட்டார்.

"ஒன்றும் வாங்க வேண்டாம். பணத்தோடு நீங்கள் போனால் போதும்."

அடுத்த சித்திரையில் கோடைமழை பெய்தது. பச்சமுத்து முதல்தடவையாக ஏர் பிடித்தான். விரல் முழுக்க மடங்காததால் மேழிப் பிடியைத் துணியால் மணிக்கட்டோடு கட்டிக்கொண்டான். மாடு இரண்டும் இப்போது ஒரே நடை நடந்தன. வரப்பில் நின்ற அத்தாயி, "சால் கோணலாப் போகுதுங்க!" என்று சத்தம் போட்டாள். "நீ உழுததைவிட நேராத்தான் போகுது, போ புள்ளே" என்றான் அவன், திரும்பிப் பார்க்காமல்.