இருபத்து மூன்று தப்படி மேற்கே

1983 பிப்ரவரியில் அளந்தபோது மால்வினாஸ் தீவுகள் எலாடியோ வெரோனின் கொல்லையில் நீளம் ஒரு முழம், அகலம் முக்கால் முழம் இருந்தன. மக்கள்தொகை ஒரு செம்மறியாடு. இடம் போதாததால் அது நான்கு கால்களையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு பூச்சாடி மாதிரி நின்றது. ஸ்பானிய மொழியில் கூப்பிட்டாலும் திரும்பவில்லை, எங்கள் பழங்குடி மொழியான குவரானியில் கூப்பிட்டாலும் திரும்பவில்லை. யாரோ விளையாட்டுக்கு ‘குட் மார்னிங்’ என்றதும் திரும்பியது.

இதே தீவுகளை ஆங்கிலேயர் ஃபாக்லாந்து என்பார்கள். எங்கள் சான் எவாரிஸ்தோவில் அந்தப் பெயரைச் சொல்கிறவரை முடிதிருத்துபவர் பாதி வெட்டிய முடியோடு எழுப்பி அனுப்பிவிடுவார். அவற்றுக்காக 1982இல் எங்கள் நாடு அவர்களோடு எழுபத்து நான்கு நாள் சண்டை போட்டுத் தோற்றது. எங்கள் கொரியென்தெஸ் மாகாணத்தில் நாற்பது டிகிரி வெயிலில் வளர்ந்த பத்தொன்பது வயதுப் பையன்களைப் பொறுக்கி எடுத்துப் பனிக்கு அனுப்பினார்கள். எங்கள் தெருவிலிருந்து இருவர் போனார்கள், ஒரே பதுங்குகுழியில் இருந்தார்கள். எலாடியோ திரும்பி வந்தான். பக்கத்து வீட்டு இசபெலினோ வரவில்லை. திரும்பியவர்களை வீட்டுக்கு விடுமுன் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள்: தீவில் நடந்ததைத் தீவுக்கு வெளியே யாரிடமும் பேசமாட்டேன். எலாடியோவும் கையெழுத்துப் போட்டான். வீட்டுக்கு வந்து, ஆரஞ்சு மரத்தடியில் உட்கார்ந்து, இடது பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தான். உள்ளே இருந்து பதுங்குகுழியின் கருஞ்சேறு கொட்டியது. மறுநாள் காலையில் அதில் புல் இருந்தது, தனக்கென்று ஒரு தூறல் இருந்தது, மேற்கிலிருந்து ஒரு காற்றும் வீசிக்கொண்டிருந்தது.

அந்த வானிலை துணிக்கொடியின் பாதி உயரம் வரைதான் எட்டும். கொடியில் போட்ட கால்சட்டைகள் இடுப்பில் காய்ந்து, முழங்காலுக்குக் கீழே விறைத்து நின்றன. எங்கள் பக்கம் ஜனவரிதான் கோடை; அந்த வெயிலில் தெருக்காரர்கள் பீர் பாட்டில்களையும் மாமியார்களையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்கள். நகரத் தலைவர் அபெலார்தோ, தீவின் ஒரு பகுதி மீட்கப்பட்டுவிட்டது என்று தலைநகருக்குக் கடிதம் போட்டார். பதினான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. தீவுகள் ஏற்கெனவே நம்முடையவை, ஆகவே மீட்க ஏதுமில்லை. ஆனால் அந்த ஒரு முழம் தென்கோடி நிர்வாகத்தைச் சேர்ந்தது, அதன் மேல் நிழல் விழும் ஆரஞ்சு மரத்தில் பழம் பறிக்க அங்கிருந்து அனுமதி வாங்கவேண்டும். அங்கே போக பஸ்ஸில் நான்கு நாள். பழங்கள் மரத்திலேயே அழுகின.

தீவுகள் வருடத்துக்கு ஒரு முழம் வளர்ந்தன. மேற்குப் பக்கமாக மட்டும், காற்றை எதிர்த்து. மேற்கே இருந்தது இசபெலினோவின் அம்மா பெத்ரோனாவின் வீடு. தெருவே அவளை மரியாதையாக ‘டோன்யா’ என்று கூப்பிடும். அவள் தினமும் வேலியோரம் வந்து சூடான பாலாடைக்கட்டி ரொட்டியை நீட்டி ஒரே கேள்வியைக் கேட்பாள்.

“எங்கடா விட்டுட்டு வந்தே அவனை?”

“கையெழுத்துப் போட்டிருக்கேன் டோன்யா.”

“நானும்தான் கல்யாணத்துல கையெழுத்துப் போட்டேன். பேசாமலா இருந்தேன்?”

எலாடியோ ரொட்டியைத் தின்பான். எட்டு வருடம் இப்படிப் போனது. 1990இல் தீவுகள் வேலியைத் தொட்டன.

அபெலார்தோவுக்கு வேறு கணக்கு இருந்தது. தீவுகள் கிழக்கே வளர்ந்தால் தன் பதவிக்காலத்துக்குள் ஊர்ச் சதுக்கத்துக்கு வந்துவிடும், சிலைக்கும் பாண்டு மேடைக்கும் நடுவே நிற்கும், மந்திரி வருவார். மேற்கே அடைத்துவிட்டால் மண் வேறு வழியில்லாமல் திரும்பிவிடும் என்று நினைத்து, வேலியோரம் செங்கலும் ஆட்களுமாக வந்து இறங்கினார்.

“டோன்யா பெத்ரோனா, இது தேசத்தோட மண்ணு. உங்க சமையல்கட்டுல வந்து என்ன பண்ணப் போகுது?”

“தேசத்துக்கு எம்புள்ளையைக் குடுத்தேன். எங்க வெச்சிருக்குன்னு இதுவரைக்கும் சொல்லலை. மண்ணையும் குடுக்கணுமா?”

“சுவருதானே, வெறும் சுவரு.”

“கட்டுய்யா. உன் சிலைக்குப் பக்கத்துல நீயும் நில்லு, மந்திரி ரெண்டுக்கும் சேர்த்து மாலை போடட்டும்.”

முதல் வரிசைச் செங்கல் வைத்தபோது எலாடியோ கொல்லையில் இறங்கினான். தீவின் மேல் ஏறி நின்றுகொண்டு கையை நீட்டினான்.

“ஏறுங்க டோன்யா.”

“எங்கடா?”

“தீவுக்கு. வெளியே பேசக்கூடாதுன்னுதானே போட்டிருக்கு. உள்ள பேசலாம்.”

பெத்ரோனா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செங்கல் வரிசையைத் தாண்டி ஏறினாள். ஆடு நகர்ந்து இடம் விட்டது. நகரத் தலைவரும் கொத்தனார்களும் மூன்றடி தள்ளி நாட்டுக்குள் நின்றார்கள், காற்றில் அவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

“இந்தச் சேறு எங்க குழியோடது. அந்தக் குழியிலேர்ந்து மேற்கே இருபத்து மூணு தப்படி. ரெண்டு கல்லுக்கு நடுவுல. நான்தான் மூடினேன்.”

அவள் ஆட்டின் முதுகில் கையை வைத்தாள்.

“சாப்பிட்டிருந்தானா?”

“முந்தின நாள் ஒரு ஆடு அடிச்சோம். வயிறு நிறைய சாப்பிட்டான்.”

ஆடு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அன்றைக்கே மதியம், மரவள்ளிக் கிழங்கும் மாட்டிறைச்சியும் சாப்பிட்ட கையோடு, எலாடியோ ஆரஞ்சு மரத்தடியிலிருந்து எண்ணிக்கொண்டு நடந்தான். பெத்ரோனாவின் சமையலறை வழியாக நுழைந்து, படுக்கையறை வழியாக வெளியேறி, அந்தப் பக்கத்துத் தெருவில் லாரிகள் போகும் இடத்தில் இருபத்து மூன்று முடிந்தது. பெத்ரோனா நடுத்தெருவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒரு லாரி ஹார்ன் அடித்தது.

“இங்கயா வந்து படுக்கப்போறான்?” என்றாள்.

“இல்ல டோன்யா. இது இப்ப இருக்கிற காலோட தப்படி.” எலாடியோ தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “நாலு நாள் குடுங்க. ஒண்ணும் சாப்பிடாம இருந்துட்டு நடந்து பாக்கறேன். அப்பதான் சரியா வரும்.”

“ஆடு அடிச்சுத் தின்னோம்னியே.”

எலாடியோ லாரிக்கு வழி விட்டு ஓரமாக ஒதுங்கினான். அவர்கள் அப்போது தீவுக்கு வெளியே இருந்தார்கள்.

நான்கு நாள் அவன் ஆரஞ்சு மரத்தடியில் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெத்ரோனாவும் தன் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. ஐந்தாம் நாள் காலை அந்தப் பழைய பூட்ஸை மாட்டிக்கொண்டு எழுந்தான், ஒருமுறை விழுந்தான், மறுபடி எழுந்து நடந்தான். தப்படி கிழவனுடையது மாதிரி சின்னதாக விழுந்தது. இருபத்து மூன்றாவது, பெத்ரோனாவின் விறகடுப்புக்குப் பக்கத்தில் நின்றது.

“இங்க,” என்றான்.

“சரி. உக்காரு, சாப்பிடு,” என்றாள்.

மறுநாள் அவள் கடப்பாரையை எடுத்து, தீவு வந்து சேர வசதியாகச் சமையலறையின் சிமெண்டுத் தரையைப் பெயர்த்தாள். அடுப்பை நகர்த்தித் தருவதாகச் சொன்ன கொத்தனார்களிடம், அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்றாள். அபெலார்தோ தன் சுவரைக் கட்டி முடித்து, பாண்டு வைத்துத் திறந்தார். தீவுகள் சுவருக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் தலை நீட்டின. அவர் பதவி போனது, இன்னொருவர் வந்தார், அவரும் போனார். நாட்டின் பணத்துக்கு ஒருமுறை பெயர் மாறியது. ஆடு குட்டி போட்டது, எப்படி என்று யாரும் விசாரிக்கவில்லை. பெத்ரோனாவின் இடுப்பு வளைந்தது. தீவுகள் வருடத்துக்கு ஒரு முழம் வந்துகொண்டிருந்தன.

2009 ஜூனில், ஒரு செவ்வாய்க்கிழமை, அடுப்பில் மரவள்ளி வெந்துகொண்டிருந்தபோது முதல் கல் தலை காட்டியது. புதன்கிழமை ஒரு மேடு. வெள்ளிக்கிழமை இரண்டாவது கல். பெத்ரோனா மேட்டின் மேல் விழுந்திருந்த விறகுச் சிராயைத் துடைத்தாள். தோண்டவில்லை. தோண்டிப் பார்க்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த மாதம் தலைநகரிலிருந்து ஓர் அதிகாரி படிவத்தோடு வந்தார். போர்வீரரின் கல்லறையை இப்படி வீட்டில் வைத்திருக்க விதியில்லை, அதற்கென்று உள்ள மயானத்துக்கு மாற்றவேண்டும் என்றார்.

“அந்த மயானம் எங்க இருக்கு?”

“மால்வினாஸ்ல அம்மா.”

“அவன் அங்கதான் இருக்கான். நீங்க நிக்கிறதும் அங்கதான். காலைத் தட்டிட்டு உள்ள வாங்க, சூப் ஆறுது.”

அதிகாரி இரண்டு கிண்ணம் குடித்தார். படிவத்தில் ‘மாற்றப்பட்டது’ என்று எழுதிக்கொண்டு போனார்.

எலாடியோவுக்கு மதியச் சாப்பாடு அங்கேதான். கம்பளிப் போர்வை போர்த்திக்கொண்டு வருவான். நாற்காலியின் கால் மேட்டில் படாமல் தள்ளிப் போட்டு உட்காருவான். பெத்ரோனா அவன் தட்டில் மூன்றாம் முறையும் போடுவாள், அவன் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஒரு மணிக்குத் தொலைக்காட்சியில் வானிலை சொல்வார்கள். மாகாணம் மாகாணமாக வந்து, வழக்கம்போலக் கடைசியில்: “மால்வினாஸ் தீவுகள், ஒரு டிகிரி.”

“தப்பு,” என்பாள் பெத்ரோனா. அடுப்புக் கதவைத் திறந்து இன்னொரு கட்டையை உள்ளே தள்ளிவிட்டு, மேட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். “பதினெட்டு.”

எலாடியோ போர்வையைக் கழற்றி நாற்காலியில் போடுவான். தீவில் குளிர் எப்படி என்று இன்றைக்கு எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் பதினெட்டு என்றுதான் சொல்வார்கள்.