குளிக்கப் போன கணபதி

கணபதியின் உயிர் ஒரு லட்சம் ரூபா. கிளிநொச்சியில் போர் நட்டஈடு கொடுக்கும் ஓர் அலுவலகம் அப்படித்தான் விலை போட்டிருந்தது. சந்தையில் மரக்கறி விற்கும் ராக்காயி கத்தரிக்காய்க்கே முதல் விலையை ஒத்துக்கொள்ளாதவள். புருசனின் விலைக்கு மட்டும் பேரம் பேசவில்லை. காசைவிட அவளுக்கு வேண்டியிருந்தது பட்டியலில் ஓர் இடம்: போரில் செல் குண்டு பட்டு இறந்தவர் என்று.

கிளாக்கர் செந்தூரன் பழைய நிவாரண அட்டையைப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் புரட்டினார்.

"அம்மா, உங்கட மனுசன் 2009 மாசியில செத்தவர் எண்டு எழுதியிருக்கிறியள்."

"ஆமாங்கய்யா. மாத்தளன்ல. செல்லு."

"பிறகு அகதி முகாமில, சித்திரை துவங்கி அடுத்த வருசம் ஆடி வரைக்கும் பருப்பு எடுத்திருக்கிறார்."

ராக்காயி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நாலு பேருக்கு அளந்தால்தான் மூன்று பேருக்குப் போதும் என்பது முகாமில் இருந்த எவருக்கும் தெரியும். ஆகவே, தலை எண்ண வந்தவர்கள் கணபதி எங்கே என்று கேட்டபோதெல்லாம் "குளிக்கப் போயிட்டாரு" என்றாள். தண்ணீர் பவுசர் வண்டி வராத நாளிலும் கணபதி குளித்தார். பதினாறு மாதம் குளித்தார். உயிரோடு இருந்த காலத்தில் மாதம் இரண்டு தரம் அவரைக் குளிக்க வைக்கவே அவள் தொண்டை கிழியக் கத்தவேண்டியிருந்தது.

"முகாமில இருந்தவரை எப்பிடிப் போரில செத்தவர் எண்டு எண்ணுறது? காய்ச்சல் எண்டு போடுவம். 2010 ஆவணி. வில்லங்கம் இல்லை."

"காய்ச்சலா? அந்தாளுக்குத் தும்மலே வந்தது கிடையாதுங்க! உசிரோட இருந்தாருன்னா ஆளைக் குடுங்கய்யா, கூரையில ஓடு மாத்தணும்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். செந்தூரன் தன் சிரிப்பை மென்று விழுங்கினார். "அப்ப பொய் சொல்லி நிவாரணம் எடுத்தனான் எண்டு எழுதித் தாங்கோ. செல் எண்டே போடுவன், அந்த லட்சத்தில மாசத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு கழிப்பன்."

இப்போதுதான் ராக்காயிக்குச் சந்தை வாய் வந்தது. "அது இன்னைக்குப் பருப்பு வெலை! அந்தாளு பேர்ல வாங்குனது அன்னைக்குப் பருப்பு. அதுலயும் பாதி வண்டு. எண்ணூறு."

"ஆயிரத்து ஐந்நூறு."

"ஆயிரத்து இருநூறு. வண்டுக்குத் தனியாக் கழிவு கேக்கல நான்."

ஆயிரத்து இருநூறுக்கு முடிந்து கையெழுத்து வைத்த பிறகும் அவள் கதிரையைவிட்டு எழும்பவில்லை.

"ஐயா, எங்க கூடார வரிசையில மட்டும் இவரோட சேத்துப் பதினோரு பேரு குளிக்கப் போயிருந்தாங்க. எல்லாம் செல்லுல போனவங்க. மத்த வீட்டுக்காரங்க பயத்துல வாயைத் தொறக்கல."

செந்தூரன் மூடிய பேனையைத் திரும்பத் திறந்தார். பிறகு தாளின் ஓரத்தில் எழுதினார்:

தொகை 1,00,000. பருப்புக் கழிவு 19,200. கொடுக்கவேண்டியது 80,800. செல்லில் இறந்தவர், எண்ணியது: ஒன்று. எண்ணாதது: பத்து.