அம்மாவின் துப்பாக்கியை காஸுக்கு மாற்றியது

அம்மாவின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அவருடன் வேலை செய்கிறவர்கள் சேர்ந்து ஒரு துப்பாக்கி வாங்கிக் கொடுத்தார்கள். பயப்பட வேண்டாம், சின்னப் பிளாஸ்டிக் குண்டு சுடுகிற விளையாட்டுத் துப்பாக்கிதான். பார்வைக்கு மட்டும் இராணுவத்தினுடையது மாதிரி இருக்கும். இந்த விளையாட்டை இங்கே டென்மார்க்கில் ஹார்ட்போல் என்பார்கள். இரண்டு கட்சியாகப் பிரிந்து காட்டுக்குள் ஒளிந்து நின்று சுடுவது. குண்டு பட்டவர் தானாகவே கையைத் தூக்கிவிட்டு வெளியே போக வேண்டும். யாரும் பார்க்கவில்லை என்றாலும் போக வேண்டும்.

அம்மா பிராண்டேயில் வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பராமரிக்கிற வேலை செய்கிறார். போன வருடம் அவருடைய மேலதிகாரி லோனெ, எல்லாரும் ஒருவரோடொருவர் நெருங்கிப் பழக வேண்டும் என்று சொல்லி முழுக் குழுவையும் ஊருக்கு வெளியே உள்ள பழைய மணல் குழிக்கு இந்த விளையாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அம்மா முதலில் சுட்டது லோனெயைத்தான். இரண்டாவதும் லோனெயைத்தான். அன்று மாலைக்குள் பதினொரு தடவை லோனெ கையைத் தூக்கினார். லோனெ போடுகிற வேலைநேரப் பட்டியலில் எப்போதும் சனி ஞாயிறில் வேலை விழுந்தவர்கள் எல்லாரும் அம்மாவைக் கட்டிப்பிடித்தார்கள்.

இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அம்மா இருபது வருடமாகச் சபையில் முழந்தாளில் நின்று ஜெபித்துப் பழகியவர். அதே மாதிரி ஒரு புதருக்குப் பின்னால் ஒரு மணித்தியாலம் அசையாமல் நிற்க அவரால் முடியும். மற்றவர்கள் பத்து நிமிடத்தில் முழங்கால் நொந்து எழும்பிவிடுவார்கள். எழும்பினால் அம்மா சுடுவார்.

துப்பாக்கியில் அம்மாவுக்கு ஒரேயொரு குறைதான் இருந்தது. அது மின்சாரத்தில் ஓடுவது. உள்ளே ஒரு மோட்டாரும் பற்சக்கரங்களும் இருந்தன. விசையை அழுத்தினால் 'சர்ர்ர்' என்று கேட்கும்.

"பதினாலு வருசம் ஹேர்னிங் தையல் ஃபக்டரியிலை இந்தச் சத்தத்தைக் கேட்டனான். அதிலையிருந்து தப்பித்தான் இந்த வேலைக்கு வந்தது. இப்ப காட்டுக்குள்ளையும் கலைச்சுக்கொண்டு வருது" என்றார் அம்மா. "காஸிலை அடிக்கிறது எண்டு ஒண்டு இருக்காம். டப் எண்டு ஒரு சத்தம், தோளிலை ஒரு இடி. எனக்கு அது வேணும்."

இதை அவர் சொன்னது சீதாராமனிடம். சீதாராமன் தமிழ்நாட்டுக்காரர், சில்க்போர்க்கில் இருக்கிறார், காற்றாலை கம்பெனி ஒன்றில் என்ஜினியர். சனிக்கிழமைகளில் மணல் குழிக்கு வருவார். நிறையக் கணக்குப் போட்டுவிட்டுச் சுடுவார். அதற்குள் யாராவது அவரைச் சுட்டுவிடுவார்கள்.

"அக்கா, அதுக்கு புதுசாவே ஒண்ணு வாங்கிடலாம். எலெக்ட்ரிக்க கேஸா மாத்துறது கார பிரிச்சு பைக் பண்ற மாதிரி" என்றார் சீதாராமன்.

"பிறந்தநாளுக்குத் தந்த சாமானை எப்பிடித் தம்பி தூக்கி வைக்கிறது? லோனெ என்ன நினைப்பா?"

"அவங்களத்தானே நீங்க பதினோரு தடவ சுட்டீங்க?"

"அது விளையாட்டு. இது மரியாதை."

என்னுடைய பிரச்சினை வேறு. நான் கிம்னாசியம் என்கிற உயர்தரப் பள்ளியை இரண்டாவது வருடத்தில் விட்டுவிட்டேன். அங்கே எழுதுகிறவர்களைவிட வகுப்பில் வாய் திறக்கிறவர்களுக்குத்தான் நல்ல புள்ளி கிடைக்கும். ஒன்றரை வருடத்தில் நான் கையைத் தூக்கியது ஒரு தடவை, யன்னலைச் சாத்தலாமா என்று கேட்க. பிறகு ஒரு வருடம் வீட்டிலேயே இருந்தேன். ஒக்டோபர் மாதம் கொமூன் என்கிற நகரசபையிலிருந்து கடிதம் வந்தது. மாத முடிவுக்குள் நான் எங்கேயாவது பிராக்டீக் தேட வேண்டும், அதாவது ஒரு இடத்தில் சில மாதம் வேலை பழக வேண்டும். இல்லாவிட்டால் என்னை ஒரு பயிற்சி வகுப்பில் போடுவார்கள். அந்த வகுப்பைப் பற்றிய படம் போட்ட தாள் ஒன்றும் கூடவே வந்திருந்தது. தினமும் காலையில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, நேற்று தங்கள் மனதில் என்ன இருந்தது என்று ஒவ்வொருவராகச் சொல்வார்களாம். படத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மணல் குழியை நடத்துகிறவர் பெயர் பிரேபென். அவருக்கு ஊருக்கு வெளியே ஒரு பட்டறையும் இருக்கிறது. புல் வெட்டும் மெஷின், மரம் அறுக்கும் வாள், சின்ன டிராக்டர் எல்லாம் திருத்துவார். அம்மா அவரிடம் போய், என் மகள் வீட்டில் ரேடியோ முதல் பிரஷர் குக்கர் வரை எல்லாவற்றையும் கழற்றிப் பூட்டுவாள், அவளை எடுங்கள் என்று கேட்டார். பிரேபென் யோசித்துவிட்டு இப்படிச் சொன்னாராம்:

"உன் துப்பாக்கியை அவள் காஸுக்கு மாற்றட்டும். மாதக் கடைசிச் சனிக்கிழமை முழுநாளும் அது நிற்காமல் ஓடினால், திங்கட்கிழமை அவள் வரலாம்."

அம்மா வீட்டுக்கு வந்து இதை நான் ஏற்கனவே பாஸான மாதிரியே சொன்னார்.

இரண்டு கிழமை குசினி மேசை என்னுடையதாக இருந்தது. பற்றரி, வயர், மோட்டார், பற்சக்கரப் பெட்டி எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். இணையத்தில் எடுப்பித்த உள்சாமான்களை உள்ளே வைத்தேன். முக்கியமானது ஒரு இரும்புக் கட்டை. ஒவ்வொரு வெடிக்கும் காஸ் அதைப் பின்னால் தள்ளும், பின்னால் உள்ள ஸ்பிரிங் திருப்பித் தள்ளும். தோளில் விழுகிற இடி அதனால்தான். காஸ் இருப்பது குண்டு போடுகிற மகசினுக்குள்ளே. அது வெளியே கசியாமல் ஒவ்வொரு மகசினுக்கும் மூன்று ரப்பர் வளையங்கள் உண்டு. இரும்புக் கட்டை துப்பாக்கிக் கூட்டுக்குள் நுழையவில்லை. அரை மில்லிமீற்றர் போதவில்லை. நான்கு நாள் அரத்தால் தேய்த்தேன்.

"கிருபா, மீன் வெட்டுற பலகையிலை இரும்புத் தூள்" என்றார் அம்மா.

"கழுவுறன்."

"அப்பா நேற்றுச் சொதியிலை ஏதோ கடிபடுது எண்டவர். நான் தேங்காய்ச் சிரட்டை எண்டு சொல்லிப்போட்டன்."

செவ்வாய்க்கிழமை முதல் வெடி வெடித்தது. 'டப்!' இரவு வேலை முடிந்து படுத்திருந்த அப்பா சாரத்தோடு ஓடிவந்தார். அம்மா சிரித்துக்கொண்டு தோளைத் தடவினார். "இன்னொருக்கா" என்றார். அப்பா திரும்பிப் போய்க் கதவைச் சாத்தினார்.

சாமான்களோடு வந்த தாளில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி இருந்தது: சிலிக்கோன் எண்ணெய் தவிர வேறு எந்த எண்ணெயும் விட வேண்டாம், ரப்பர் பழுதாகும். நான் அதை வாசித்திருந்தேன். சிலிக்கோன் எண்ணெய்ப் போத்தலும் மேசையில்தான் இருந்தது.

புதன்கிழமை பின்னேரம் அம்மா தன்னுடைய சின்ன எண்ணெய்க் குப்பியோடு வந்தார். தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெய். ஃபக்டரி மூடியபோது ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்தது. அம்மா அதைக் கதவுக்கு விடுவார், சைக்கிளுக்கு விடுவார், தான் பராமரிக்கிற கிழவர்களின் சக்கர நாற்காலிக்கும் விடுவார்.

"இரும்பு எல்லாம் உலர்ந்து போய்க் கிடக்கு. எண்ணெய் விட்டனியோ?"

"விட்டனான். அம்மா, அது..."

"என்ன?"

எனக்குத் தேவைப்பட்டது இரண்டே சொல். ஆனால் அதற்குப் பின்னால் ஏன், எப்படி, நீ என்ன எனக்குப் படிப்பிக்கிறியோ என்று ஒரு பெரிய வரிசை நிற்பது எனக்குத் தெரிந்தது.

"ஒண்டுமில்லை" என்றேன்.

அம்மா நான்கு மகசினுக்கும் தாராளமாக விட்டார். ரப்பர் வளையங்களில் இன்னும் கொஞ்சம். "இப்பதான் ஓடும்" என்றார்.

சனிக்கிழமை எட்டு டிகிரி. இந்தத் துப்பாக்கிகளை மூடிய பையில்தான் கொண்டுபோக வேண்டும். எங்களிடம் இருந்தது சபையின் பழைய கீபோர்ட் பை. பார்க்கிங்கில் சபைக்கார அந்தோனிதாசன் அங்கிள் கண்டு, "பாட்டுப் பழகவோ அக்கா?" என்று கேட்டார். அம்மா பொய் சொல்ல மாட்டார். "கர்த்தர் எல்லாம் பாத்துக்கொண்டுதான் இருக்கிறார்" என்று சொல்லிவிட்டு காரை எடுத்தார்.

காலையில் எல்லாம் நன்றாக ஓடியது. நான் மணல் குழியில் உள்ள கொட்டகைக்குள் கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு 'டப்'பையும் எண்ணினேன். லோனெ இரண்டு தடவை கையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிரேபென் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பத்தரைக்குப் பிறகு இரண்டு வெடிக்கு நடுவில் ஏதோ சீறுகிற சத்தம் கேட்டது. எனக்கு மட்டும்தான் கேட்டது என்று நினைக்கிறேன்.

பதினொரு மணிக்கு அம்மா மணல் மேட்டுக்குப் பின்னால் முழந்தாளில் இருந்தார். லோனெ ஐந்து மீற்றருக்குள் வந்துவிட்டார், முதுகைக் காட்டிக்கொண்டு. அம்மா மூச்சைப் பிடித்து விசையை அழுத்தினார்.

'புஸ்ஸ்ஸ்ஸ்.'

குண்டு வெளியே வந்தது. அம்மாவின் சப்பாத்துக்கு மேல் விழுந்தது. சத்தம் மட்டும் நிற்கவில்லை, ஒரு சோடாப் போத்தலைத் திறந்த மாதிரி நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது. லோனெ திரும்பினார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு லோனெ, ஒரு வருடத்தில் முதல் தடவையாக, அம்மாவைச் சுட்டார். சுட்டுவிட்டு மன்னிப்பும் கேட்டார்.

கொட்டகை மேசையில் துப்பாக்கி கிடந்தது. சுற்றிவர அம்மா, லோனெ, சீதாராமன், பிரேபென். நான் ஒரு மகசினைத் திறந்தேன். மற்றவற்றையும் திறந்தேன். நான்கிலும் ஒரே கதைதான்.

"கூலிங் எஃபெக்ட். எட்டு டிகிரிக்கு கேஸ் பிரஷர் விழுந்துடும். நான் கிராஃப் போட்டு காட்டினேனே அக்கா" என்றார் சீதாராமன்.

"ஓம் ஓம், குளிர்தான்" என்று அம்மா பிடித்துக்கொண்டு, பிரேபெனிடம் டேனிஷில் சொன்னார்: "குளிர். பிள்ளையில் பிழை இல்லை."

பிரேபென் என்னைப் பார்த்தார். "குளிரா?"

ஒரு 'ஓம்' போதும். குளிர் யாருடைய பிழையும் இல்லை. திங்கட்கிழமை பட்டறை எனக்குக் கிடைத்திருக்கும்.

"குளிர் என்றால் ஒன்றும் செய்ய முடியாது" என்றார் பிரேபென். "இன்னும் ஆறு மாதத்துக்குக் குளிர்தான். திரும்பவும் மோட்டாரைப் போட வேண்டியதுதான். வருவாய்தானே, திங்கட்கிழமை நீயே போடு."

அம்மா துப்பாக்கியைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"குளிர் இல்லை" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். கோப்பி எடுக்க வந்த இரண்டு பேரும் திரும்பினார்கள். நான் மகசினையே பார்த்துக்கொண்டு சொன்னேன்: "எண்ணெய். இது தையல் மெஷின் எண்ணெய். இந்த ரப்பருக்கு அது ஆகாது. வளையம் வீங்கிவிட்டது, அதனால் தன் இடத்துக்குள் சரியாக இருக்கவில்லை. புதுசையும் இதையும் பாருங்கள்." பையிலிருந்து புது வளையம் ஒன்றை எடுத்து வீங்கியதற்குப் பக்கத்தில் வைத்தேன். வீங்கியது உளுந்து வடை மாதிரி இருந்தது. "நான்கு மகசினுக்கும் பன்னிரண்டு வளையம் மாற்றினால் ஓடும். குளிரிலும் ஓடும், மகசினைச் சட்டைக்குள் வைத்திருந்தால்."

"யார் விட்டது அந்த எண்ணெயை?" என்று கேட்டார் பிரேபென்.

அம்மா கையைத் தூக்கினார்.

"விடும்போது நீ பார்த்தாயா?" என்று பிரேபென் என்னைக் கேட்டார்.

"பார்த்தேன்."

"ஏன் நிறுத்தவில்லை?"

"அது என் அம்மா" என்றேன்.

லோனெ மேசையைத் தட்டிச் சிரித்தார். "எனக்கு விளங்குகிறது! எனக்கு நன்றாக விளங்குகிறது!"

அம்மா என் பக்கம் திரும்பித் தமிழில், "எடியே, அண்டைக்கே சொல்லியிருக்கலாம்தானே?" என்றார்.

"சொல்லியிருந்தா கேட்டிருப்பியளோ?"

"இல்லை. எண்டாலும் சொல்லியிருக்கலாம்."

"அப்போ டெம்பரேச்சர் ஒண்ணும் இல்லையா?" என்று சீதாராமன் பாவமாகக் கேட்டார்.

"அதும் கொஞ்சம் இருக்கு, அங்கிள்."

சீதாராமனுக்கு முகம் மலர்ந்தது. பிறகு 'அங்கிள்' என்றதை யோசித்து மறுபடியும் வாடியது. அவருக்கு முப்பத்தொன்றுதான்.

பிரேபென் வீங்கிய வளையத்தை எடுத்து விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். "இருபத்திரண்டு வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன்" என்றார். "வாளுக்கு டீசல் ஊற்றினவன் வருவான், எண்ணெயே ஊற்றாதவன் வருவான். என்ன நடந்தது என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான்: தானாக நின்றுவிட்டது. என்னிடம் வேலை செய்த பெடியன்களும் அதைத்தான் சொன்னார்கள். எனக்குப் பாதி நாள் அதைக் கண்டுபிடிப்பதிலேயே போகும்." வளையத்தை மேசையில் வைத்தார். "முழுநாளும் ஓடவில்லை. அது வேறு. திங்கட்கிழமை ஏழு மணிக்கு வா."

"எட்டு" என்றார் அம்மா உடனே, டேனிஷில். "ஏழுக்கு பஸ் இல்லை. நான் பின்னேர வேலை, காலையில் எழும்பிக் கொண்டுவந்து விட முடியாது. எட்டரை என்றாலும் நல்லது."

பிரேபென் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழு" என்றேன். "சைக்கிளில் வருவேன்."

"ஆறு கிலோமீற்றர்!" என்றார் அம்மா தமிழில். "மழை பெஞ்சா?"

"நனைவன்."

அம்மா என்னை ஒரு நிமிடம் மேலும் கீழும் பார்த்தார். பிறகு பிரேபென் பக்கம் திரும்பி, அவருடைய கையைப் பிடித்து, மிகவும் பணிவாகச் சொன்னார்:

"நான் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இவளுக்கு வாய் கொஞ்சம் அதிகம்."